'போடு'ங்கிற சொல்ல பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லித்தர்றது

வெளியூர்ல வெளிநாட்டுல வளர்ற நம்ம பிள்ளைங்களுக்கு தமிழ் பேச சொல்லித்தரணும்னா முதல்ல 'போடு'ல ஆரம்பிங்க. காலைல எந்திரிச்சு லைட்ட போட்டு, கோலம் போட்டு, காபி போட்டு, சட்டைய போட்டுக்கிட்டு, கதவுக்கு பூட்டு போட்டுட்டு கிளம்புற வரைக்கும் அதுதான் கூடவே வருது. ஆனா அகராதிய வெச்சு ஒவ்வொரு அர்த்தமா மனப்பாடம் பண்ண வெக்காதீங்க, அது நிக்காது. முன்னாடி வர்ற சொல்லோட சேர்த்து ஜோடியாவே சொல்லிக்குடுங்க: ஓட்டு போடு, கையெழுத்து போடு, கணக்கு போடு, சண்டை போடு, ஸ்டேட்டஸ் போடு. அப்பதான் கார்த்திகை மாசத்துல ஒருத்தர் மாலை போட்டிருக்கார்னா சபரிமலைக்கு விரதம் இருக்கார்னும், சீட்டு கம்பெனிக்காரன் நாமம் போட்டுட்டான்னா காச ஏமாத்திட்டான்னும் தானா புரியும்.

எங்க போடக்கூடாதுங்கிறதயும் கூடவே சொல்லிடணும். சட்டை, செருப்பு, கண்ணாடி, வளையல் எல்லாம் போடுவோம், ஆனா புடவையும் வேட்டியும் கட்டுறது, பூவும் பொட்டும் வெக்கிறது. கோழி முட்டை போடும், ஆடு குட்டி போடும், மனுஷங்களுக்கு மட்டும் குழந்தை பொறந்துச்சுன்னுதான் சொல்லணும். சமையக்கட்டுல உப்பு, சக்கர, மிளகாத்தூள் போடுவோம், எண்ணெயும் தண்ணியும் ஊத்துவோம். இது ரொம்ப முக்கியம், ஏன்னா தண்ணி போடுறதுன்னா சாராயம் குடிக்கிறது, வீட்டுக்கு வந்த பெரியவர்கிட்ட பிள்ளை ஆசையா "தாத்தா தண்ணி போடுறீங்களா"ன்னு கேட்டா அவர் ஆடிப்போயிடுவார், "தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு கேக்க பழக்குங்க. தோசைய ஊத்துறது, சுடுறது, போடுறதுன்னு வீட்டுக்கு வீடு ஒண்ணு சொல்லுவாங்க, எல்லாமே சரிதான்.

அடுத்தது யாருக்கு போடுறோம்ங்கிறது, நிறைய பேர் இத விட்டுடுறாங்க. "சட்டைய போட்டுக்கோ"ன்னா நீயே உனக்கு, "தம்பிக்கு சட்டைய போட்டு விடு"ன்னா நீ அவனுக்கு. நர்ஸ் ஊசி போடுறாங்க, நாம போட்டுக்கிறோம். ஆனா மாத்திரைக்கு மட்டும் முழுங்குறவங்களையே "மாத்திரை போட்டியா"ன்னு கேப்போம், அதுல குழப்பமே வராது. போடு, போட்டுக்கோ, போட்டு விடுங்கிற இந்த மூணு வடிவத்தயும் காலைல டிரெஸ் மாத்துற நேரத்துல நெஜ சட்டைய கைல வெச்சுக்கிட்டே சொல்லிப் பாருங்க, பாடப்புத்தகத்துல படிக்கிறதவிட சீக்கிரம் ஏறும்.

இன்னொரு சிக்கல், 'போடா'வும் 'போடு'வும் பிள்ளைங்க காதுக்கு ஒண்ணாவே கேக்கும். போடாங்கிறது போ கூட டா சேர்ந்தது, போடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. போனேன், போட்டேன்னு நடந்து முடிஞ்சதா சொல்லிக் காமிச்சா ரெண்டும் தனித்தனியா தெரிஞ்சிடும். பெரியவங்ககிட்ட போடுங்கன்னு சொல்லணும்ங்கிறதயும் அதோடயே பழக்கிடுங்க.

கொஞ்சம் பேச வந்தப்புறம்தான் கூட்டுச் சொல்லுக்கு போகணும். அக்கா செஞ்சத அம்மாகிட்ட சொல்லிட்டா போட்டுக் குடுக்கிறது, ரகசியத்த எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா போட்டு உடைக்கிறது. "மனச போட்டு குழப்பிக்காத"ல வர்ற 'போட்டு'வுக்கு தனியா அர்த்தம் தேட வேண்டாம், ஓயாம அதயே செய்யாதங்கிற அழுத்தம்தான் அது.

எழுத வரும்போது இதுல பலது 'இடு'ன்னு மாறும்: கோலமிடு, கையெழுத்திடு, திட்டமிடு. ஆனா இத அப்படியே திருப்பிப் போட முடியாது, முத்தமிடுன்னு எழுதலாம், பேச்சுல முத்தம் குடுன்னுதான் வரும்.

கொங்கு பக்கத்து சொந்தக்காரங்களோ யாழ்ப்பாணத்து நண்பர்களோ இருந்தா அவங்க பேசறதயும் பிள்ளைங்க காதுல விழ விடுங்க. கொங்குக்காரங்க "சாப்பிட்டுப்போட்டு வர்றேனுங்க"ம்பாங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க "சாப்பிட்டுப்போட்டு வாறன்"ம்பாங்க. மத்த ஊர்ல "சாப்பிட்டுட்டு வர்றேன்"னு சொல்றதுதான் அது.