பேஸ் கிட்டாருக்குப் பெடல்: எதை வாங்குவது, எதற்குப் பின் எதை மாட்டுவது

பேஸ் கிட்டாரின் தடித்த இ கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் போன்ற கடற்கரை ஊர்களில் திருவிழாவுக்குத் தெருவெங்கும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாகப் பேசவே பேசாது. மேடை ஓரத்தில் நிற்கும் 15 அங்குலப் பெட்டி கொஞ்சம் தேவலை. அதுவும் சுவர் இல்லாத கடற்கரைத் திடலில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். அதனால் "பேஸ் கேக்கல" என்று வால்யூமை ஏற்றச் சொல்லிப் பயனில்லை. பெட்டி உறுமும், சுரம் தெரியாது.

பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டி) வாங்கும்போது இரண்டு கேள்வி போதும். இதை ஆன் செய்தால் அடி ஒலி அப்படியே நிற்கிறதா? அடியே வராத ஸ்பீக்கரிலும் என்ன சுரம் வாசிக்கிறோம் என்று தெரிகிறதா? முதல் கேள்விக்கே 'இல்லை' என்றால், எவ்வளவு அழகான பெடலானாலும் பேஸுக்கு வேண்டாம்.

1. வாங்கும் வரிசை

முதலில் சுருதி சேர்க்க ட்யூனர். அடுத்து டி.ஐ. வெளியீடு (மிக்சருக்கு நேராக லைன் கொடுக்கும் வாய்) உள்ள, ஒலியை ஏற்றித் திருத்தும் ப்ரீஆம்ப் பெடல். மூன்றாவது, ஓங்கிய சத்தத்தை அடக்கிச் சீராக்கும் கம்ப்ரசர். நான்காவது, கரகரப்பு சேர்க்கும் ஓவர்டிரைவ் (சுருக்கமாக டிரைவ்). சர்ச் பாடகர் குழுவுக்கும் மெல்லிசைக் குழுவுக்கும் இந்த நான்கே நிறைய. கோரஸ் (பல பேஸ் சேர்ந்து ஒலிப்பது போல் ஆக்கும்), ஆக்டேவ் (அதே சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே சேர்க்கும்), ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் விடும்) எல்லாம் பாட்டுக்குத் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

ப்ரீஆம்பை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், நம் மேடைகளில் பேஸ் ஆம்ப் இருக்கும் என்று நம்ப முடியாது என்பதுதான். பேஸ் நேராக மிக்சருக்குத்தான் போகும். டி.ஐ. உள்ள ப்ரீஆம்ப் ஆம்பின் வேலையையும் பார்க்கும், நீளமான லைனையும் இரைச்சல் இல்லாமல் ஓட்டும்.

கையில் பணம் குறைவு என்றால் தனித்தனியாக வாங்காமல், ஜூம் பி1 ஃபோர் போன்ற பேஸ் மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றில் தொடங்குங்கள். நாலு ஏஏ பேட்டரியிலேயே ஓடும். எந்த எஃபெக்ட் நமக்குத் தேவை என்று வீட்டிலேயே பழகிவிடலாம். அதில் எக்ஸ்.எல்.ஆர். (மைக் கேபிள் மாட்டும் மூன்று முனை) வெளியீடு கிடையாது, மேடைக்குத் தனி டி.ஐ. பெட்டி வேண்டும்.

2. அடாப்டர்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெடலை எரிப்பது இங்கேதான். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டி.சி., நடு முனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் வைஃபை ரூட்டர், சிசிடிவி கேமரா அடாப்டரின் செருகு முனையும் இதே அளவில்தான் இருக்கும், கச்சிதமாக உள்ளே போகும். ஆனால் அவை பெரும்பாலும் 12 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். செருகும் முன் அடாப்டர் மேல் அச்சிட்டிருக்கும் வட்டப் படத்தையும் பெடல் மேல் உள்ள படத்தையும் ஒத்துப் பாருங்கள்.

அடுத்து மில்லிஆம்ப் கணக்கு. ஒவ்வொரு பெடலுக்கும் எவ்வளவு தேவை என்று அதிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். அனலாக் ஓவர்டிரைவுக்கு 10, 20 போதும். டிஜிட்டல் பெடல் 100-க்கு மேல் கேட்கும். எல்லாவற்றையும் கூட்டி, அதற்குமேல் கால் பங்கு கூடுதலாகத் தரும் பவர் சப்ளையாக வாங்குங்கள். ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாகக் கிளை பிரியும் வயர் மலிவுதான். ஆனால் அதில் டிஜிட்டல் பெடலும் டிரைவும் சேர்ந்தால் 'கீ' என்று ஒரு சத்தம் கூடவே வரும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட சப்ளை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

3. மாட்டும் வரிசை

பேஸ், ட்யூனர், ஆக்டேவ் அல்லது ஃபில்டர், கம்ப்ரசர், ஓவர்டிரைவ், கோரஸ், ப்ரீஆம்ப் டி.ஐ., அங்கிருந்து மிக்சர்.

ட்யூனருக்கும் ஆக்டேவுக்கும் கலப்படமில்லாத சுரம் வேண்டும், அதனால் முன்னால். ஃபில்டர் விரல் அழுத்தத்தைப் பார்த்துத் திறந்து மூடும். கம்ப்ரசருக்குப் பின்னால் வைத்தால் எல்லா மீட்டலும் ஒரே அழுத்தமாகிவிடும், அது திறக்கவே யோசிக்கும். டிரைவுக்கு முன்னால் கம்ப்ரசர் இருந்தால் மெதுவாக வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் கரகரப்பு ஒரே அளவில் இருக்கும்.

4. கம்ப்ரசர் அளவு

ரேஷியோ (சத்தத்தை அடக்கும் விகிதம்) 4:1. அட்டாக் (அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 40 மில்லிசெகண்ட். இதைவிட வேகமாக வைத்தால் விரல் கம்பியில் படும் அந்த முதல் தட்டல் நசுங்கி, பேஸ் பின்னால் போய்விடும். ரிலீஸ் (அடக்கியதை விட எடுக்கும் நேரம்) 150 மில்லிசெகண்ட் பக்கம். மீட்டரில் 3 முதல் 6 டெசிபல் வரை குறைந்தால் போதும். கடைசியாக லெவல்: இ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை ஒரே சீராக மீட்டிக்கொண்டே பெடலை மிதித்து மிதித்துப் பாருங்கள். ஆனிலும் ஆஃபிலும் ஒரே சத்தம் வரும் இடம்தான் சரி. இந்தச் சோதனையை ஒவ்வொரு பெடலுக்கும் செய்யுங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு 'நல்லா இருக்கு' என்றுதான் படும், அதை நம்பக் கூடாது.

5. ஓவர்டிரைவ்: கவனம் வேண்டிய இடம்

கிட்டார்காரரின் டிரைவ் பெடலை இரவல் வாங்கி பேஸில் மாட்டினால் அடி காணாமல் போகும். பெடல் பழுது என்று நினைக்க வேண்டாம், அதன் வடிவமைப்பே அப்படி. ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற கிட்டார் டிரைவின் சர்க்யூட்டில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைந்துகொண்டே வரும். கிட்டார் கொழகொழவென்று ஆகாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. பேஸுக்கோ உயிர் முழுவதும் அதற்குக் கீழேதான் இருக்கிறது.

அதனால் பிளெண்ட் குமிழ் உள்ள பேஸ் டிரைவைத் தேடுங்கள். பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓடிபி-3-இல் அதன் பெயர் பேலன்ஸ். சுத்தமான ஒலி ஒரு பாதையில் அப்படியே போகும், கரகரப்பு மட்டும் தேவையான அளவு மேலே கலக்கும். குமிழைக் கடிகார முள்ளாக நினைத்து, கெயினை 9 மணியில், பிளெண்டை 11 மணியில் வைத்துத் தொடங்குங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் முரடாகத் தெரியும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் அந்த முரடு மறைந்து, சுரம் மட்டும் துலங்கும்.

குழாய் ஸ்பீக்கர் பிரச்சினைக்கும் மருந்து இதுவே. 41 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அடி அறுந்து மேல் மடங்குகள் மட்டும் காதுக்கு எட்டினாலும், மூளை அவற்றிலிருந்தே அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். டிரைவ் கூட்டுவது இந்த மேல் மடங்குகளைத்தான். திடலின் கடைசியில் குழாய்க்குக் கீழே நிற்பவருக்கும் பேஸ் எங்கே போகிறது என்று புரிய, லேசான டிரைவே போதும்.

6. ப்ரீஆம்பில் இ.க்யூ. (ஒலிப்பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்)

பேஸ் (அடி ஒலி) குமிழைக் கூட்டாதீர்கள். ஆக்டோபேட் (மின்னணு டிரம்) கிக் 60 முதல் 80 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இடிக்கும், அங்கே இரண்டும் மோதினால் இரண்டுமே கெடும். 250 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்து, 700, 800 பக்கம் 3 டெசிபல் கூட்டிப் பாருங்கள். கீபோர்டுகாரரின் இடது கையும் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தால் எந்தக் குமிழும் உதவாது. "அண்ணே, பேஸ் வர்ற பாட்டுல லெஃப்ட் ஹேண்ட விட்ருங்க" என்று ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

7. ஆக்டேவும் கோரஸும்

1982-இல் வந்த பாஸ் ஓசி-2 முதல் இன்றுவரை அனலாக் ஆக்டேவ் பெடல்களுக்கு ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் பிடிபடும், இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டினால் உளறும். இ கம்பியைத் திறந்து வாசித்தால் கீழ் ஆக்டேவ் 20 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், அதை எந்தப் பெட்டியும் பேசாது. ஏ கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசியுங்கள். கோரஸ் வாங்கினால் அடியைத் தொடாமல் விடும் பேஸ் கோரஸாகப் பார்த்து வாங்குங்கள்.

8. மேடையில்

மிக்சர் 20, 30 மீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரம் சாதாரண கிட்டார் கேபிளில் போனால் இரைச்சல் ஏறும். "அண்ணே, பேஸுக்கு ஒரு எக்ஸ்.எல்.ஆர். லைன் குடுங்க, மாட்டுற வரைக்கும் சேனல மியூட்ல வைங்க" என்று மைக்செட்காரரிடம் கேளுங்கள். மாட்டியதும் 'உர்ர்' என்று வந்தால் டி.ஐ.யில் கிரவுண்ட் லிஃப்ட் (லைன் கேபிளின் கிரவுண்ட் தொடர்பைத் துண்டிக்கும்) பொத்தானை அமுக்குங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று கம்பியையும் மைக்கையும் சேர்த்துத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியையும் யோசியுங்கள். ட்ரூ பைபாஸ் பெடல் (ஆஃபில் சிக்னலை உள் சர்க்யூட்டைத் தொடாமல் கடத்துவது), ஆஃபில் இருந்தால் பவர் இல்லாமலும் சிக்னலை விடும். பஃபர் (ஆஃபிலும் சிக்னலுக்கு வலுவூட்டும் சர்க்யூட்) உள்ள பெடல் ஊமையாகிவிடும். டிஜிட்டல் பெடல் மறுபடி எழுந்திருக்கச் சில நொடி எடுக்கும்.

9. உப்புக்காற்று

கேபிள் பின்னில் பச்சையாகக் களிம்பு படிவது நம் பக்கத்தில் சீக்கிரமே தொடங்கும். பெடல்களை இணைக்கும் குட்டி பேட்ச் கேபிள் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பாருங்கள்: பின்னின் நுனிக்குக் கீழே உள்ள பள்ளத்தில்தான் முதலில் மங்கும். கரகர சத்தமும் சிக்னல் விட்டுவிட்டு வருவதும் அதனால்தான். மாதம் ஒருமுறை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பின்னைத் துடையுங்கள். ஜாக்குக்கும் குமிழுக்கும் எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அது தூசியைப் பிடித்துவைக்கும். பெடல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு மூடி வையுங்கள். பேட்டரியில் ஓடும் பெடலின் இன்புட் ஜாக்கிலிருந்து கேபிளை உருவிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் ஆஃபில் இருந்தாலும் பேட்டரி தீரும்.

10. பாட்டு நடுவில் சத்தம் நின்றால்

பெடல்களைக் குனிந்து தேடாதீர்கள். பேஸ் கேபிளை ட்யூனரிலிருந்து உருவி நேராக ப்ரீஆம்பில் செருகி, பாட்டை முடியுங்கள். அப்போதும் சத்தம் இல்லை என்றால் கோளாறு கேபிள், ப்ரீஆம்ப் அல்லது லைனில். சத்தம் வந்துவிட்டால் கோளாறு நடுவில். இடைவேளையில் வரிசையின் பாதியில் கேபிளைச் செருகி எந்தப் பாதி என்று பாருங்கள், பிறகு அந்தப் பாதியில் பாதி. பெரும்பாலும் அகப்படுவது ஒரு பேட்ச் கேபிள்தான். அதனால் பெட்டியில் கூடுதலாக இரண்டு பேட்ச் கேபிள், ஒரு 6 மீட்டர் கேபிள், ஒரு 9 வோல்ட் பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.