ஈவ் ஆன்லைன் சண்டையில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆலை வேலையோ கல்லூரி வகுப்போ முடிந்து வீடு திரும்பியபின் ஈவ் ஆன்லைன் என்ற விண்கலப் போர் விளையாட்டை இணையத்தில் ஆடுகிற இளைஞர்கள் சிலரை நான் அறிவேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு கப்பலை இழந்ததும் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எதிரி பல ஆண்டுகளாக ஆடுபவர், என் கப்பல் சிறியது, தோட்டப்புறத்து இணையம் மெதுவானது என்பார்கள். இவற்றில் ஓரளவு உண்மை இருந்தாலும், அவர்களது தோல்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால், முதல் குண்டு பாயும் முன்பே, எங்கே நிற்பது, எந்தத் தூரத்தில் மோதுவது, எந்தக் கப்பலை எதிர்ப்பது என்ற முடிவுகளை அவர்கள் எதிரியிடம் ஒப்படைத்துவிட்டது தெரியவருகிறது.

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட இந்த விளையாட்டில், சீனாவுக்கென உள்ள தனிச் சேவையகத்தை விட்டுவிட்டால், உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே அண்டத்தில்தான் உலவுகிறார்கள். இங்கே அழிந்த கப்பல் அழிந்ததுதான். அதில் பொருத்தியிருந்த கருவிகளில் சில அதனோடு போகும், மீதம் வென்றவர் கைக்குப் போகும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் சுமார் 21 மணி நேரம் நீடித்து, டைட்டன் எனப்படும் மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்த போரைப் பற்றிக் கேள்விப்பட்டு உள்ளே வருபவர்கள் பலர். ஆனால் புதியவர் சந்திக்கும் சண்டை பெரும்பாலும் இரண்டு சிறு கப்பல்களுக்கு இடையே ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுவது. அதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

இணைய வேகத்தைக் குறை சொல்வதை முதலில் விட்டுவிடலாம். இந்த விளையாட்டின் சேவையகம் நிகழ்வுகளை நொடிக்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறது. சுடும் ஆட்டங்களில் விரல் நுனியின் வேகம் முக்கியம் என்றால், இங்கே அந்த ஒரு நொடிக்குள் எந்தக் கட்டளையைக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். ஆகவே பேராக்கில் இருந்து ஆடுபவர் லண்டனில் இருந்து ஆடுபவரைவிடச் சிறிது தாமதமாகச் செய்தி பெறுவதால் மட்டும் தோற்பதில்லை. இணைப்பு அடியோடு அறுந்துபோவது வேறு விஷயம்; அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

மூத்தவர்களின் திறன்புள்ளிகளைக் கண்டு அஞ்சுவதும் அளவுக்கு மீறியதுதான். திறன்கள் நிஜ நேரத்தில் வளர்கின்றன என்பதும், முந்தி வந்தவரிடம் கூடுதலாக இருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் எந்தத் திறனுக்கும் 5ஆம் நிலையே உச்சம். பதினைந்து ஆண்டுகளாக ஆடுபவர் சேர்த்த திறன்களில் பெரும்பகுதி, அவர் ஃபிரிகேட் என்னும் சிறு போர்க்கப்பலில் அமர்ந்திருக்கும் வேளையில் அவருக்கு எவ்விதத்திலும் உதவுவதில்லை. ஃபிரிகேட்டுக்கு வேண்டியவற்றை மட்டும் குறிவைத்துப் பயிற்றுவிக்கும் புதியவர் சில மாதங்களிலேயே அந்த வகுப்பில் அவருக்கு ஈடாக நிற்க முடியும்.

அதனால்தான் கப்பலின் அளவில் மயங்குவதை மிகப் பெரிய பணவிரயம் என்று கருதுகிறேன். பேட்டில்ஷிப் என்னும் பெரிய போர்க்கப்பலின் பீரங்கிகள் மெதுவாகத் திரும்புபவை. ஒட்டிச் சுற்றும் சிறு கப்பலை அவற்றால் குறிபார்த்துத் தொடர முடியாது. கணினி எதிரிகளை அழித்துச் சேர்த்த பணத்தில் பேட்டில்ஷிப் வாங்கி, அதற்குரிய துணைத் திறன்கள் பாதியிலேயே நிற்க, ஆபத்தான மண்டலத்துக்குள் போகும் புதியவரை இரண்டு மலிவான ஃபிரிகேட்டுகள் பிடித்து நிறுத்தித் தம் கூட்டாளிகள் வரும்வரை காவல் காக்கும். சம்பளத்து வெள்ளியைக் கொடுத்து பிளெக்ஸ் என்ற பொருளை வாங்கி, அதை விளையாட்டுப் பணத்துக்கு விற்று அத்தகைய கப்பலை வாங்குபவர்களுக்கு இழப்பின் கசப்பு இரட்டிப்பாகிறது. தொடக்கத்தில் ஒரே வகை ஃபிரிகேட்டைப் பத்துப் பன்னிரண்டாக வாங்கி, ஒரே விதமாகக் கருவி பொருத்தி அடுக்கி வைத்துக்கொள்வதே சிக்கனம். ஒன்று போனால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்ற நிம்மதியும், ஒரே கப்பலைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் வரும் பழக்கமும் வேறு எதிலும் கிடைப்பதில்லை.

தூரம் பற்றிய தவறுகள் இவற்றையெல்லாம் மிஞ்சியவை. செம்பனைத் தோட்டத்தில் இளமரத்துக் குலையை உளியால் தள்ளுவார்கள், உயர்ந்த மரத்துக்கு நீண்ட கழியில் கட்டிய அரிவாளை எடுப்பார்கள். உளியோடு உயர்ந்த மரத்தடியில் நிற்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தும் பயனில்லை. பிளாஸ்டர் பீரங்கி அந்த உளி. அது சில கிலோமீட்டருக்குள் கடுமையாக அடிக்கும், அதற்கப்பால் பெயருக்குத்தான். லைட் மிசைலோ 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்த் தாக்கும். எதிரியைத் தப்பவிடாமல் பிடிக்கும் கருவிகளிலும் இதே வேறுபாடு உண்டு. இரண்டாம் தர வார்ப் ஸ்கிராம்ப்ளர் (சுருக்கமாக ஸ்கிராம்) 9 கிலோமீட்டர் வரை எட்டி, வார்ப் எனும் நெடுந்தூரப் பாய்ச்சலைத் தடுப்பதோடு, மைக்ரோவார்ப் டிரைவ் என்ற வேகமூட்டும் கருவியையும் அணைத்துவிடும். அதே தர டிஸ்ரப்டர் 24 கிலோமீட்டர் வரை எட்டும். ஆனால் வார்ப்பை மட்டுமே தடுக்கும். கப்பலின் வேகத்தைக் குறைக்கும் வெப் சுமார் 10 கிலோமீட்டர் எட்டும். இந்த மூன்று எண்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளாதவர், தாம் எந்தச் சண்டையில் இருக்கிறோம் என்பதையே அறியாமல் இருக்கிறார்.

இவ்வூர் இளைஞர் ஒருவருக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். அவர் ஓட்டியது மெர்லின் என்ற ஃபிரிகேட்: பிளாஸ்டர், ஸ்கிராம், வெப், ஓரளவு வேகமூட்டும் ஆஃப்டர்பர்னர், கெட்டியான கேடயம். நெருங்கி மோதுவதற்கென்றே அமைந்த நல்ல கப்பல். அணிப்போர் நடக்கும், பாதுகாப்புக் குறைந்த லோசெக் மண்டலத்தில் ஒரு சிறு வளாகத்துக்குள் நுழைந்து, நுழைவிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றுகொண்டு, கைப்பேசியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். காண்டோர் என்ற வேக ஃபிரிகேட் ஒன்று வந்து இறங்கியது. இறங்கிய உடனே டிஸ்ரப்டரைப் போட்டது. இவர் ‘அணுகு’ என்ற பொத்தானை அழுத்தி, எல்லாக் கருவிகளையும் ஒருசேர இயக்கினார். மைக்ரோவார்ப் டிரைவ் ஓடும் காண்டோரின் வேகத்தில் ஆஃப்டர்பர்னர் போட்ட மெர்லினால் பாதியைக்கூட எட்ட முடியாது. பிளாஸ்டர்கள் சுட்டுக்கொண்டே இருந்தன. ஒரு குண்டும் படவில்லை, கப்பலின் மின்சேமிப்பான கேப்பசிட்டர்தான் கரைந்தது. காண்டோர் 22 கிலோமீட்டரில் வட்டமிட்டபடி நிதானமாக ஏவுகணைகளை விட்டது. “அண்ணே, கிட்டவே வர மாட்டேங்கிறாண்ணே” என்றார். காண்டோர் எதற்காகக் கிட்ட வரவேண்டும்?

அந்த மெர்லின் காண்டோருக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. காண்டோர் வளாகத்தின் வாயிலில் இருக்கும்போதே சுற்றிலும் உள்ள கப்பல்களைக் காட்டும் டி-ஸ்கேன் கருவியில் அதன் பெயர் தெரிந்திருக்கும். பெயர் தெரிந்தால், அது விலகி நின்று அடிக்கும் வேகக் கப்பல் என்பதும் தெரிந்துவிடும். அப்போது இவர் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, டிஸ்ரப்டர் விழும் முன்பே கிளம்பிப் போய்விடுவது. மற்றது, வளாகத்துக்குள் வருபவர் எப்போதும் ஒரே நுழைவிடத்தில்தான் இறங்குவார் என்பதால் அந்த இடத்திலேயே ஒட்டிக் காத்திருந்து, இறங்கிய நொடியில் ஸ்கிராமையும் வெப்பையும் போடுவது. ஸ்கிராம் பட்ட காண்டோரின் வேகம் அடங்கிவிடும். பிறகு அதன் மெல்லிய உடல் பிளாஸ்டர் முன் நெடுநேரம் தாங்காது. பிடிபட்ட பிறகுங்கூட ஒரு வழி இருந்தது. எதிரி தானியங்கியாகச் சுற்றிவரும் பட்சத்தில், அவரைத் துரத்துவதை விட்டு எதிர்த்திசையில் ஓடினால் அவரது கப்பல் பின்தொடரும். அது நேராக வரும் வேளையில் சட்டென்று வெட்டவெளியில் இருமுறை சொடுக்கி அவரை நோக்கித் திரும்பினால், சில நேரங்களில் அந்த 9 கிலோமீட்டருக்குள் அவரே வந்து விழுவார். தேர்ந்தவர்கள் இதில் ஏமாறுவதில்லை. ‘அணுகு’, ‘சுற்று’ ஆகிய இரு பொத்தான்களை மட்டும் நம்பியிருப்பவருக்கோ இந்த வாய்ப்பும் இல்லை.

டி-ஸ்கேனை முறையாகப் பார்க்காதது தனியாகச் சொல்லத்தக்க தவறு. அது 14.3 வானியல் அலகு வரையில் உள்ள கப்பல்களைக் காட்டும். கோணத்தை 360 பாகையிலிருந்து 5 பாகை வரை சுருக்கி, எதிரி எந்தக் கோளின் அருகில், மண்டலங்களை இணைக்கும் எந்த வாயிலில் நிற்கிறார் என்று ஊகிக்கலாம். லோக்கல் பட்டியலில் மண்டலத்தில் உள்ளவர்களின் பெயர்கள் தெரியும் என்பதால் அது போதும் என்று நினைப்பவர்கள், வார்ம்ஹோல் பகுதிகளுக்குப் போனதும் திகைக்கிறார்கள்; அங்கே பேசாதவர் பெயர் பட்டியலில் வராது. சில நொடிகளுக்கு ஒருமுறை டி-ஸ்கேன் அழுத்துவது சலிப்பான வேலைதான். சலிப்படையாதவர்களின் கப்பல்கள்தாம் மிஞ்சுகின்றன.

கருவிகள் பொருத்துவதில், கேடயத்தைக் கெட்டிப்படுத்தும் கருவியையும் கவசத்தைக் கெட்டிப்படுத்தும் கருவியையும் ஒரே கப்பலில் கலப்பதும், எட்டும் தூரம் வேறுபடும் பீரங்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் பழைய தவறுகள். அதிகம் பேசப்படாதது வேறொன்று: கணினி எதிரிகளுக்காக அமைத்த கப்பலை அப்படியே மனிதர்களிடம் கொண்டுபோவது. அதில் ஸ்கிராம் இருக்காது. வென்றுகொண்டிருக்கும்போதே எதிரி வார்ப் செய்து போய்விடுவார். குரிஸ்டாஸ் கொள்ளையர்கள் என்ற கணினி எதிரிகளை எதிர்கொள்ள கைனெட்டிக், தெர்மல் தாக்குதல்களைத் தாங்கும்படி மட்டும் அமைத்த கேடயம், அதன் இயல்பான பலவீனமான இஎம் எனும் மின்காந்தத் தாக்குதல் முன் திறந்து கிடக்கும்.

சட்டதிட்டம் தெரியாமல் இழப்பவர்களும் ஏராளம். பாதுகாப்பு அளவு 0.5 முதல் 1.0 வரையிலான ஹைசெக் மண்டலங்களில் கான்கார்ட் காவல்படை வரும் என்பது உண்மை. ஆனால் அது தாக்கியவரைத் தண்டிக்கும். தாக்கப்பட்டவரைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது. விலையுயர்ந்த சரக்கை மெல்லிய கப்பலில் ஏற்றினால், மலிவான கேட்டலிஸ்ட் கப்பல்களைப் பலியிட்டு அதை அழிக்கச் சிலர் தயாராகக் காத்திருப்பார்கள். மஞ்சள் நிறத்தில் தெரியும் பிறருடைய பெட்டியிலிருந்து பொருளை எடுத்தவர் சந்தேகநபராகிறார்; 15 நிமிடங்களுக்கு எவரும் அவரைச் சுடலாம். அந்தப் பெட்டி பெரும்பாலும் புதியவரைச் சிக்கவைக்க வைத்த இரைதான். முன்பின் தெரியாதவர் அனுப்பும் இருவர் சண்டை அழைப்பும் அத்தகையதே. 0.4 முதல் 0.1 வரையிலான லோசெக்கில், வாயிலருகே முறையற்று முதலில் சுடுபவரை அங்குள்ள காவல் பீரங்கிகள் அடிக்கும். ஃபிரிகேட் அதைத் தாங்காது. மேலும், ஆயுதத்தை இயக்கியவர் 60 நொடிகளுக்கு வாயிலைக் கடக்கவோ நிலையத்துக்குள் நுழையவோ முடியாது. தப்பிக்க நினைக்கும்போது சுடுவதை நிறுத்த வேண்டும் என்ற இந்த எளிய செய்தியைத் தெரியாமல் வாயிலின் முன்னேயே அழிந்த கப்பல்கள் பல.

கப்பல் வெடித்ததும் விமானி பாட் எனும் சிறு கூட்டில் மிதப்பார். திகைத்து நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் பாடும், விமானியின் திறனைக் கூட்டப் பதித்த இம்பிளாண்டுகளும் போகின்றன. சண்டை தோல்வியில் முடியப்போகிறது என்று தெரிந்ததுமே ஒரு கோளைத் தேர்ந்து வைத்து, வார்ப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். காப்பீடு 12 வாரம் செல்லும். ஆனால் அது கப்பலின் உடலுக்கு மட்டுமே, கருவிகளுக்குக் கிடையாது.

இழப்பறிக்கையைப் பார்க்காமல் மறைப்பது வருத்தத்தில் செய்யும் தவறு. எதிரி எந்தக் கப்பலில், எந்த ஆயுதத்தோடு வந்தார் என்று அதில் இருக்கிறது. அதைவிட நல்ல வழி, லோக்கலில் நல்ல சண்டை என்னும் பொருளில் வழக்கமான ‘ஜிஎஃப்’ என்று எழுதிவிட்டு, நான் எங்கே தவறினேன் என்று வென்றவரிடமே கேட்பது. வசைபாடுபவருக்கு யாரும் பதில் தருவதில்லை. கேட்டவருக்குத் தம் கருவிப் பட்டியலையே அனுப்பிவைக்கும் மூத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தனியாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ஈவ் யூனிவர்சிட்டி போன்ற ஆட்டக்காரர் குழுக்கள் 2004 முதலே புதியவர்களுக்குக் கற்பித்து வருகின்றன. ஒரு படையணியில், பெரிய கப்பலைப் பிடித்து நிறுத்தும் மலிவான ஃபிரிகேட்டுக்கு எப்போதும் இடமுண்டு.

இனி நம் ஊருக்கே உரிய சில. சேவையகம் நாள்தோறும் உலகப் பொதுநேரம் 11:00 மணிக்கு, அதாவது நமக்கு மாலை 7 மணிக்கு, சிறிது நேரம் மூடப்படும். வேலை முடிந்து வந்து 6:45க்குச் சண்டை தேடிக் கிளம்புவது வீண். மூடித் திறந்த உடனே அண்டத்தில் கூட்டம் குறைவாக இருக்கும். அது சண்டைக்கு உகந்ததன்று, ஃபிரிகேட்டுகளையும் சரக்கையும் லோசெக்குக்குக் கொண்டுசெல்ல உகந்தது. ஐரோப்பியர்கள் திரளும் நேரம் நமக்கு நள்ளிரவுக்குப் பின் வருகிறது. காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர் பின்னிரவு 3 மணிக்குத் தூக்கக் கண்ணோடு டி-ஸ்கேனைச் சரியாகப் படிக்க மாட்டார். அந்தச் சண்டைகளை ஓய்வுநாளுக்கு முந்தைய இரவுக்கு ஒதுக்கலாம்.

பிற்பகல் இடியும் மின்தடையும் இங்கே யாருக்கும் புதிதல்ல. சண்டையில் இல்லாதபோது இணைப்பு அறுந்தால் கப்பல் தானே அவசரமாக வார்ப் செய்து, சற்று நேரத்தில் மறைந்துவிடும். மற்றொரு விமானியோடு சண்டையில் ஈடுபட்ட பிறகு அறுந்தால், விளையாட்டை விட்டு வெளியேறியவராகவே இருந்தாலும் அவரது கப்பல் 15 நிமிடங்களுக்கு வெளியில் கிடக்கும், தேடிப் பிடிப்பவர் அடிக்கலாம். ஸ்கிராம் பட்டிருந்தால் அவசர வார்ப்பும் நடக்காது. ஆகவே வானம் இருண்டு வரும்போது நிலையத்துக்குள் நுழைந்து கருவி பொருத்தும் வேலையைப் பார்ப்பது நல்லது. அப்படியும் ஆடவேண்டும் என்றால், கைப்பேசி இணைப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, போனாலும் பரவாயில்லை என்ற விலையுள்ள கப்பலில் மட்டும் வெளியே போகலாம்.