எல்லாரும் திரும்பிப் பார்க்கும் கார்: ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

லம்போர்கினி, ஃபெராரி, போர்ஷே மாதிரி ஒரு காரை வாங்குகிறவருக்கு ஷோரூமில் நிறையச் சொல்லித் தருவார்கள். வேகத்தடை வந்தால் முன்பக்கத்தை எப்படித் தூக்குவது, எந்த மோடில் என்ன ஆகும், டயரில் எவ்வளவு காற்று, எல்லாம். கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் சாலையில் போகிற பாதிப் பேர் உங்களைத்தான் பார்ப்பார்கள், அதை எப்படிச் சமாளிப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

சிலருக்கு அந்தப் பார்வை பிடிக்கும். சிலருக்குக் கூச்சமாகவோ எரிச்சலாகவோ இருக்கும். இரண்டுமே ஓட்டுகிற வேலைக்கு உதவாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த நேரத்தில் சாலையைப் பார்க்கவில்லை. பைக்கில் வருகிறவர், ஷேர் ஆட்டோ டிரைவர், குறுக்கே கடக்கிற பையன் யாராக இருந்தாலும் இதே கதைதான். மழை பெய்தால் நாம் சாலையோடு சண்டை போடுவதில்லை, வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுகிறோம். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

பைக்கில் துரத்துகிறவர்களிடமிருந்து தப்பிக்கப் பார்ப்பது

சென்னையில் இந்தக் கார்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆர் போக வேண்டும். மகாபலிபுரம் வரை ஒரு ஓட்டம், வழியில் எங்காவது டிபன், வெயில் ஏறுவதற்குள் வீடு. அங்கே தவறாமல் நடக்கும் ஒன்று: பின்னால் ஒரு பைக் ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவர் கையில் போன் இருக்கும். சில சமயம் அந்தப் போன் ஓட்டுகிறவர் கையிலேயே இருக்கும்.

பலர் உடனே செய்வது ஆக்சிலேட்டரை மிதித்து விலகுவது. 610 குதிரைத்திறன் உள்ள லம்போர்கினி ஹுராக்கான் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேல் போதும். உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியது கார் சீறிப் பாய்கிற வீடியோதான், நீங்கள் அதையே கொடுத்துவிட்டீர்கள். இனி அவன் விட மாட்டான். 150 சிசி பைக்கை முழுக்க முறுக்கி, கோவளம் சந்திப்பில் ஆட்கள் கடக்கிற இடத்திலும் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வருவான். வேறு சிலர் சட்டென்று பிரேக் போட்டு அவனை முன்னால் அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். இது அதைவிட மோசம். கார்பன் செராமிக் பிரேக் போட்ட கார் நிற்கிற தூரத்தில் பைக் நிற்காது.

செய்ய வேண்டியது ரொம்பவே சுவாரஸ்யமில்லாத காரியம். இடது பக்கம் ஒதுங்கி, ஐம்பதோ அறுபதோ, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருங்கள். ஒரு முறை கையை ஆட்டுங்கள். அரை நிமிடத்தில் அவர்களுக்கு வேண்டிய வீடியோ கிடைத்துவிடும், கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மெதுவாகப் போகிற லம்போர்கினியை யாரும் ரொம்ப நேரம் படம் பிடிப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹுராக்கானின் உயரம் 1,165 மில்லிமீட்டர், நாலடிகூட இல்லை. அகலமோ பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே 1,924. ஒட்டி வருகிற பைக்காரரின் முழங்கால்தான் உங்கள் ஜன்னலில் தெரியும், முகம் தெரியாது. எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் பின்பக்கமும் சரியாகத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற லாரி டிரைவருக்கோ, கீழே குனிந்து பார்த்தால் தவிர, நீங்கள் இருப்பதே தெரியாது. ஊரே பார்க்கிற காரை, பார்த்தே ஆக வேண்டிய ஆள் பார்க்காமல் போகிற வேடிக்கை இது. அதனால் பஸ், லாரிக்கு இணையாகப் போகாதீர்கள். ஒன்று முன்னால், இல்லையென்றால் நன்றாகப் பின்னால்.

"அண்ணா, ஒரு சவுண்டு விடுங்கண்ணா!"

சிக்னலில், பங்க்கில், டீக்கடை வாசலில், எங்கே நின்றாலும் இந்தக் குரல் வரும். கேட்கிற பையன்களின் முகத்தில் இருக்கிற ஆசையைப் பார்த்தால் மறுக்க மனசு வராது. நியூட்ரலில் போட்டு ஒரு முறை உறுமவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். எஞ்சின் சூடாகாமல் இருக்கும்போது உறுமவிடுவது அதற்கு நல்லதில்லை என்பது ஒரு பக்கம். பெரிய பிரச்சினை, அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் நெருங்கி வரும் என்பது. சத்தம் கேட்டதும் யாரும் பின்னால் போவதில்லை, போனைத் தூக்கிக்கொண்டு முன்னால்தான் வருகிறார்கள்.

கார் பிரியர்கள் கூடிக் கலைகிற இடங்களில் நடக்கிற விபத்துகள் பல நாடுகளில் வீடியோவாகிப் பெயர் கெட்டுப்போயிருக்கின்றன. அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங்கை வைத்து இதற்கென்றே தனி நகைச்சுவை வளர்ந்துவிட்டது. நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். கார்கள் வெளியேறும் வாசலின் இரண்டு பக்கமும் கூட்டம் நிற்கும், ஏனென்றால் அவை அங்கேதான் வேகமெடுக்கும். ஒரு மணி நேரமாக நின்றிருந்த காரின் டயர் ஆறிப்போயிருக்கும், அதற்குப் பிடிப்பு குறைவு. ஓட்டுநர் கூட்டத்துக்காக மிதிக்கிறார், பின்சக்கரங்கள் சுழன்று கார் வால் வீசுகிறது. பயந்துபோய் காலைச் சட்டென்று எடுக்கிறார். டயருக்கு ஒரேயடியாகப் பிடிப்பு திரும்பி வர, கார் எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திரும்பி, கூட்டம் நிற்கிற இடத்துக்கே போகிறது. இதில் ஓட்டத் தெரியாதவர்கள் மட்டும் மாட்டுவதில்லை. ஈசிஆரில் கடற்கரை மணல் சாலையில் கிடக்கிற இடங்களும், மழை ஈரத்தில் வழுக்குகிற வெள்ளைக் கோடுகளும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

ஹுராக்கானில் ஸ்டீரிங்கிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது: ஸ்ட்ராடா, ஸ்போர்ட், கோர்சா என்று மூன்று மோடு. ஊருக்குள் ஸ்ட்ராடாவிலேயே விட்டுவிடுங்கள், சத்தமும் அடங்கும். பையன்கள் கேட்டால் சிரித்துக்கொண்டே "ஊருக்குள்ள வேணாம்பா" என்று சொன்னால் போதும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் இந்தச் சத்தம் வேறு அளவுக்குப் போனது. கோடையில் வளைகுடா நாடுகளிலிருந்து கொண்டுவரப்படும் சூப்பர் கார்கள் இரவெல்லாம் உறுமியதில் குடியிருப்பவர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். கடைசியில் கென்சிங்டன் அண்ட் செல்சி கவுன்சில் தனி உத்தரவே போட்டு, நின்ற இடத்தில் உறுமவிடுவதையும் திடீரென்று வேகமெடுப்பதையும் அபராதத்துக்குரியதாக ஆக்கியது. சத்தம் பிடிக்கிறவர்கள் கைதட்டுவார்கள், பிடிக்காதவர்கள் மனுப் போடுவார்கள். இரண்டாவது வகையினர் உங்கள் கண்ணில் படமாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நம் ஊரில் யாராவது பக்கத்தில் வந்து ஹாரன் அடித்து ரேஸுக்குக் கூப்பிட்டால், அது பெரும்பாலும் ஒரு எஸ்யூவியாகத்தான் இருக்கும். வழி விட்டுவிடுங்கள். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் குற்றம், முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறைக்கு இடமுண்டு.

கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது

பார்வைகள் தாங்காமல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது தெரிந்த கதை. விதிப்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஊடுருவ வேண்டும். ஏற்கெனவே எல்லாரும் பார்க்கிற காரில் இதை மீறினால் போலீஸும் நின்று பார்க்கும்.

சட்டத்தை விடுங்கள். "உன்னைப் பார்த்துவிட்டேன், நீ போ" என்று பைக்காரருக்குச் சொல்ல உங்களிடம் இருப்பது கண்ணும் கையும்தான். அதை மறைத்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கு அது ஆள் ஓட்டுகிற வண்டியாகவே தெரியாது. சிக்னலில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். "மைலேஜ் எவ்வளவு சார்?" என்று நிச்சயம் யாராவது கேட்பார். உண்மையைச் சொல்லலாம், ஊருக்குள் அஞ்சு ஆறு கிடைத்தால் பெரிது. கேட்டவர் சிரிப்பார், கூடவே தன் பைக்கின் மைலேஜைப் பெருமையாகச் சொல்வார். விலை கேட்டால் மட்டும் தொகையைச் சொல்லாமல் நழுவிவிடுங்கள்.

கலர் மாற்றி ராப் (கார் முழுக்க ஒட்டுகிற கலர் ஃபிலிம்) ஒட்டினால் ஆர்சியிலும் அது ஏற வேண்டும். வரி மிச்சமென்று புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து வேறு மாநிலத்தில் ஓட்டுவது 2017இல் கேரளத்தில் நடிகர்கள் வரை வழக்காகப் போனது. ஒரு மாருதி ஸ்விஃப்ட்டில் யாரும் கவனிக்காமல் போகக்கூடிய சின்ன மீறல்கூட இந்தக் காரில் முதல் நாளே போட்டோவாகும்.

நிற்கிற இடங்கள்

பங்க்கில் கூட்டத்தோடு பேசிக்கொண்டே இருந்தால் மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கியதா என்று பார்க்க மறப்பீர்கள். பிரீமியம் கேட்ட வண்டிக்குச் சாதாரணப் பெட்ரோல் போவதும் இப்படித்தான். முதலில் பெட்ரோல், அப்புறம் பேச்சு. இறங்கும்போது சாவி உங்களோடு வர வேண்டும்.

ஹோட்டல்களில் இந்தக் காரை வாசலிலேயே நிறுத்திக்கொள்ள ஆசைப்படுவார்கள், அவர்களுக்கு அது விளம்பரம். நமக்கும் வசதிதான், காவலாளி கண்ணில் படும். ஆனால் நிறுத்துவது நீங்களாக இருங்கள். காரை வாங்கி நிறுத்துகிற ஊழியரிடம், அதாவது வேலட்டிடம், சாவி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் காரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற வேலட் மோடு இருக்கிறதா என்று பார்த்து அதைப் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் வருகிற இடத்தில் சைலன்சரை மறக்காதீர்கள். ஓட்டி வந்த சூட்டில் அது தோலைச் சுட்டுவிடும், பல கார்களில் சரியாகக் குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. பிரேக் டிஸ்க்கும் அப்படித்தான். காரின் பின்பக்கத்தைச் சுவரோரமாக வைத்து நிறுத்தினால் பாதிக் கவலை தீரும்.

எல்லாப் பார்வையும் ஆசைப் பார்வை என்று நினைப்பது

2012 மே மாதம் சிங்கப்பூரில் சிவப்பு விளக்கை மீறி வந்த ஒரு ஃபெராரி டாக்சியின் மேல் மோதியது. டாக்சி டிரைவரும் பயணியும் இறந்தார்கள், ஃபெராரியை ஓட்டியவரும் இறந்தார். ஊரே கொதித்தது. சென்னையில் 2016 செப்டம்பரில் கதீட்ரல் சாலையோரம் நின்றிருந்த ஆட்டோக்கள் மீது ஒரு போர்ஷே ஏறியதில் ஆட்டோ டிரைவர் ஒருவர் உயிரிழந்தார். 2024 மே மாதம் புனே கல்யாணி நகரில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட போர்ஷே மோதி இரண்டு ஐடி ஊழியர்கள் இறந்தார்கள். அந்தச் சிறுவனுக்கு 300 சொல்லில் கட்டுரை எழுதும் நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்ததும் நாடே கோபப்பட்டது. அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவுகூட முடிந்திருக்கவில்லை, 1,758 ரூபாய் கட்டணம் பாக்கி.

இந்தச் செய்திகளைப் படித்தவர்கள்தான் உங்களைச் சுற்றி ஓட்டுகிறார்கள். யாராவது முறைத்தால், வேண்டுமென்றே வழி மறித்தால், அது உங்கள் மேல் உள்ள கோபமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பதில் சொன்ன நொடியில் அது உங்கள் மேல் உள்ள கோபமாகிவிடும். "என் வண்டி எவ்வளவு தெரியுமா?" என்ற வாக்கியத்தை எந்தச் சந்தர்ப்பத்திலும் சொல்லாதீர்கள். கீறல் விழுந்தால்கூடப் போட்டோ எடுத்துக்கொண்டு இன்ஷூரன்ஸில் பேசுங்கள், நடுரோட்டில் வேண்டாம்.

யாருக்காவது அடிபட்டால் தவறு யாருடையது என்று கூட்டம் விசாரிக்காது, பெரிய வண்டிக்காரர் மேல்தான் பாயும். 134ஆம் பிரிவின்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. கும்பலின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் அதற்கு அந்தப் பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது. அதை ஓடிவிடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள், அங்கே நிற்கவே முடியாத நிலை என்றால் நேராகக் காவல் நிலையம் போங்கள். டேஷ்கேம் இருந்தால் இந்த நேரத்தில் அதன் அருமை தெரியும்.

பின்தொடரும் வண்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது

பெண்கள் ஓட்டும்போது பார்வையின் தன்மையே மாறிவிடுகிறது. வீடியோ எடுத்ததும் போய்விடுகிற பையன்கள் ஒரு வகை. நாலு திருப்பம் தாண்டியும் விடாமல் வருகிறவர்கள் வேறு வகை. சந்தேகமாக இருந்தால் உங்கள் தெருவுக்குள் திரும்பாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள பங்க்கோ காவல் நிலையமோ பார்த்துப் போய், கதவைத் திறக்காமலே 112ஐக் கூப்பிடுங்கள். ஆண்களுக்கும் இதே அறிவுரைதான், ஆனால் வீம்பு பார்க்காமல் செய்கிறவர்கள் குறைவு.

பின்தொடராமலேயே வீட்டைக் கண்டுபிடிக்கவும் வழி செய்துகொடுக்கிறோம். நம்பர் பிளேட் தெரிகிற படம், வீட்டு வாசல் தெரிகிற படம், "இதோ கிளம்பிட்டோம்" என்று நேரலைப் பதிவு, மூன்றும் சேர்ந்தால் அந்நியருக்கு வேறு எதுவும் தேவையில்லை. படம் போடுவதானால் வீடு திரும்பிய பிறகு போடுங்கள்.

உள்ளே உட்கார்ந்து போட்டோ கேட்டால்

மறுக்க வேண்டியதில்லை. இந்தக் கார்களால் ஊருக்குக் கிடைக்கிற நல்லது என்று ஏதாவது இருந்தால் அது இந்தச் சந்தோஷம்தான் என்பது என் கட்சி. ஆனால் எஞ்சின் ஓடும்போது வேண்டாம், சாலையோரத்திலும் வேண்டாம். பார்க்கிங்கில், எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்ட பிறகு. டிரைவர் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்று கேட்பார்கள். சாவி உங்கள் பையில் இருக்க, நீங்கள் கதவோரம் நின்றால், கார் சாவி உள்ளே இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்த கல்லூரிப் பையனின் கால் பிரேக்கில் இருந்து, விரல் ஸ்டார்ட் பொத்தானில் பட்டால் எஞ்சின் உயிர்த்துவிடும். அதனால் ஒன்று பக்கத்துச் சீட்டில் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்துப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.