புதிய பயிற்சியாளரிடம் என்ன எதிர்பார்ப்பது? ஒமாஹாவிலிருந்து ஒரு கணக்கு வழி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2025 அக்டோபர் கொடுமையான மாதம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. ஃப்ளோரிடா பில்லி நேப்பியரை நீக்கியது. எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) பிரையன் கெல்லியை நீக்கியது. சீசன் முடியும்வரைகூட யாரும் பொறுக்கவில்லை. அந்த இடங்களுக்கு முறையே மேட் கேம்பெல், ஜான் சம்ரால், லேன் கிஃபின் வந்திருக்கிறார்கள். இந்த மூன்று பல்கலைக்கழகங்கள் உள்ள ஸ்டேட் காலேஜ், கெய்ன்ஸ்வில், பேட்டன் ரூஜ் ஊர்களில் படிக்கும் நம் பிள்ளைகளும், அவர்களால் இந்த ஆட்டத்தில் பிடிப்பு ஏற்பட்ட பெற்றோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இவர் தேறுவாரா? எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

நான் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் வாழ்கிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எண்களைப் பார்ப்பது என் வேலை. 2004 முதல் எங்கள் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிக்கு ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள் வந்திருக்கிறார்கள்: கேலஹன், பெலினி, ரைலி, ஃப்ராஸ்ட், இப்போது ரூல். இருபது லட்சம் பேர் மட்டுமே வாழும் மாநிலம் இது. லிங்கனில் உள்ள மெமோரியல் ஸ்டேடியம் ஆட்ட நாளில் நிரம்பும்போது, ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்த மூன்றாவது பெரிய ஊர் அதுதான். 1962 முதல் அங்கே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. தோல்வியிலும் வந்து உட்காரும் இந்த மக்களோடு சேர்ந்து பார்த்ததில் எனக்கென்று ஒரு முறை அமைந்திருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

முதல் டிசம்பரை எடைபோடாதீர்கள்

பள்ளியிறுதி மாணவர்கள் கல்லூரி அணிகளோடு ஒப்பந்தம் போடும் முக்கியமான காலம் இப்போது டிசம்பர் தொடக்கத்தில் மூன்று நாட்கள். பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் பழைய திருநாள். இன்று அது மிச்சம் மீதிக்கான நாளாகிவிட்டது. புதிய பயிற்சியாளர்கள் நியமிக்கப்படுவது பெரும்பாலும் நவம்பர் கடைசியில். ஆக, புதியவர் வந்து பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அவருடைய முதல் பட்டியல் வெளியாகிவிடும். அது அவர் பட்டியலே அல்ல. முந்தையவருக்கு வாக்குக் கொடுத்த பையன்களில் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்பதுதான் அதில் தெரியும்.

பென் ஸ்டேட்டைப் பாருங்கள். ஃபிராங்க்ளின் போனதும் வாக்குக் கொடுத்தவர்கள் சிதறினார்கள். அவர் வர்ஜீனியா டெக்குக்குப் போனபோது பலர் அவர் பின்னாலேயே போனார்கள். டிசம்பரில் பென் ஸ்டேட்டோடு ஒப்பந்தம் போட்ட பள்ளி மாணவர்கள் இரண்டே பேர். லட்சம் பேர் அமரும் அரங்கம் உள்ள ஓர் அணிக்கு இரண்டு பேர்! இதை வைத்துக் கேம்பெலை மதிப்பிடுவது நியாயமில்லை. அவர் தான் முன்பு நடத்திய அயோவா ஸ்டேட்டிலிருந்து க்வார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ராக்கோ பெக்ட் உட்படப் பலரை அழைத்து வந்தார். அவரை அளக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

தரவரிசையை எப்படிப் படிப்பது

பள்ளி மாணவர்களுக்கு ஐந்து வரை தரும் நட்சத்திர மதிப்பீடும், அதைக் கூட்டிப் பட்டியல்களுக்குத் தரும் தரவரிசையும் பொய் அல்ல. நாலு, ஐந்து நட்சத்திர மாணவர்களைப் பாதிக்கு மேல் சேர்த்த அணிகளே நெடுங்காலம் தேசிய சாம்பியன்களாக வந்துகொண்டிருந்தன. ஆனால் அது சாம்பியன் ஆவதற்கான நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான். வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. 2022-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் சேர்த்த பட்டியல், மதிப்பீடுகள் தொடங்கிய நாளிலிருந்து மிக உயர்ந்த புள்ளி பெற்றது. அந்த ஆண்டே அணி 5–7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி) என்று முடித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வெளியே அனுப்ப, ஏழரைக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஊரிலும் இது நடந்திருக்கிறது. பில் கேலஹனின் 2005 பட்டியல் நாட்டின் முதல் ஐந்தில் ஒன்றாக எண்ணப்பட்டது. 2007-ல் கான்சஸ் எங்கள் மீது 76 புள்ளி அடித்தது. அத்தோடு அவர் காலம் முடிந்தது.

எனவே தரவரிசை எண்ணைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகளுக்கு நகருங்கள்.

முதலாவது, லைன்மேன்கள் எத்தனை பேர்? பந்தைப் பிடித்து ஓடும் பையன்தான் படங்களில் வருவான். ஆட்டத்தை முடிவுசெய்வது நடுவில் முட்டிக்கொள்ளும் பெரிய உடம்புகள். பதினெட்டு வயதில் வரும் ஆஃபென்சிவ் லைன்மேன் உடம்பு ஏறி, காலசைவு படிந்து களமிறங்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நாற்று நட்ட மாதமே கதிர் கேட்க முடியாது. புதியவர் ஒவ்வோர் ஆண்டும் நாலைந்து லைன்மேன்களைச் சேர்க்கிறார் என்றால், மூன்றாம் ஆண்டைப் பற்றி இப்போதே யோசிக்கிறார் என்று பொருள். நான் பட்டியல் வந்ததும் முதலில் தேடுவது இதைத்தான்.

இரண்டாவது, உள்ளூர்ப் பையன்கள் நிற்கிறார்களா? டெக்சாசிலும் ஃப்ளோரிடாவிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை. எங்களைப் போன்ற மாநிலத்தில் ஆண்டுக்குச் சிலரே தேறுவார்கள். அவர்களை அயோவாவுக்கோ ஒக்லஹோமாவுக்கோ விட்டுவிட்டால் வேறெங்கும் ஈடுகட்ட முடியாது. நெப்ராஸ்காவின் பழைய பலம் உதவித்தொகை இல்லாமல் சேரும் ‘வாக்-ஆன்’ மாணவர்கள். பண்ணை ஊர்களிலிருந்து வந்து, மூன்று ஆண்டு வியர்வை சிந்தி, நாலாம் ஆண்டில் களமிறங்கிய பையன்கள் அவர்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற வழக்குச் சமரச ஒப்பந்தத்துக்குப் பின் உதவித்தொகைக்கான 85 என்ற வரம்பு போய், அணியின் மொத்த ஆளே 105 என்றாகிவிட்டது. அதற்கு முன் இங்கே சுமார் 150 பேர் இருந்தார்கள். அந்த வெட்டில் கனவு போனவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பிள்ளைகள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. பழைய அணியிலிருந்து யாரைத் தக்கவைத்தார்? எம்மெட் ஜான்சன் மினசோட்டாவிலிருந்து வந்த மூன்று நட்சத்திர ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுபவர். அவரை 2022-ல் சேர்த்தது ஸ்காட் ஃப்ராஸ்ட். மேட் ரூல் வந்தபோது ஜான்சன் ஒரு ஆட்டத்திலும் இறங்காத பையன். அவர் போகவில்லை, ரூலும் அவரைப் போக விடவில்லை. 2025-ல் 1,400 கெஜத்துக்கு மேல் ஓடி, நாங்கள் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் சிறந்த ரன்னிங் பேக் ஆனார். அதே காலத்தில் பேரிரைச்சலோடு வந்த ஐந்து நட்சத்திர க்வார்ட்டர்பேக் டிலன் ராயோலாவைப் பாருங்கள். 2023 டிசம்பரில் ஜார்ஜியாவுக்குக் கொடுத்த வாக்கை மாற்றிக்கொண்டு, அப்பா விளையாடிய நெப்ராஸ்காவுக்கே வந்தார். மாநிலமே கொண்டாடியது, நானும்தான். 2025 நவம்பரில் கால் முறிந்தது. சீசன் முடிந்ததும் ஓரிகனுக்குப் போய்விட்டார். பையன் மீது எனக்கு வருத்தமில்லை. பட்டியலின் உச்சியில் இருக்கும் ஒரே பெயர் மீது நாலாண்டு நம்பிக்கையை ஏற்றி வைக்க முடியாது என்பதே விஷயம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் அணி இரண்டு ஆண்டுக்கு முன் வெளியிட்ட ஒப்பந்தப் பட்டியலை எடுங்கள். இன்றைய அணிப் பட்டியலை அருகில் வையுங்கள். எத்தனை பெயர் மிஞ்சியிருக்கிறது, அதில் எத்தனை பேர் தொடக்க ஆட்டக்காரர்கள் என்று எண்ணுங்கள். அரை மணி நேர வேலை. எந்தத் தொலைக்காட்சி விவாதத்தையும்விட இது உங்களுக்குக் கூடுதலாகச் சொல்லும்.

போர்ட்டல் என்ற இரண்டாம் வாசல்

2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் தளம் வந்தது. 2021-ல் அணி மாறியவர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் வழி திறந்தது. 2025–26 முதல் பல்கலைக்கழகமே எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை மாணவர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். புதிய பயிற்சியாளர் ஒரே ஜனவரியில் அணியை மாற்றிவிட முடிவது இவற்றால்தான்.

இதற்கு நாடே வியந்த உதாரணம் இண்டியானா. 2023-ல் 3–9 என்று கிடந்த அணிக்கு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். தன்னோடு 13 பேரை அழைத்து வந்தார். எலைஜா சாரட், டி’ஆஞ்சலோ பாண்ட்ஸ், ஏடன் ஃபிஷர், மைக்கேல் கமாரா. உயர்நிலைப் பள்ளியில் இவர்களைப் பெரிய அணிகள் சீண்டவில்லை. ஆனால் இவர்கள் கல்லூரிக் களத்தில் ஏற்கெனவே ஆடித் தேறியவர்கள். முதல் ஆண்டே 11–2. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றார். அணி 16–0 என்று தேசிய சாம்பியன் ஆனது.

2024 அக்டோபர் 19 அன்று ரூலின் இரண்டாம் ஆண்டு அணி 5–1 என்ற நிலையில் இண்டியானாவின் ஊரான ப்ளூமிங்டனுக்குப் போனது. சிக்னெட்டியின் முதலாம் ஆண்டு அணி எங்களை 56–7 என்று தோற்கடித்தது. அன்றிலிருந்து இங்கே எல்லோரும் கேட்பது, “அவரால் முடிந்தது இவரால் ஏன் முடியவில்லை?” என்றுதான். இது முழுக்க அநியாயமான கேள்வி இல்லை. ஆனால் உங்கள் புதியவரிடம் அதைக் கேட்பதற்கு முன், அவர் கூட்டி வரக்கூடிய, ஏற்கெனவே வென்று பழகிய ஒரு குழு அவரிடம் இருந்ததா என்று பாருங்கள். கேம்பெலிடம் இருந்தது. ரூல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கிலிருந்து தனியாக வந்தார். போர்ட்டலில் வருகிறவர் எத்தனை நட்சத்திரம் என்பதைவிட எத்தனை ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடியிருக்கிறார், யாருக்கு எதிராக ஆடியிருக்கிறார் என்பதே எனக்கு முக்கியம்.

வாசல் இரு பக்கமும் திறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பொதுவான காலம் ஜனவரி 2 முதல் 16 வரை. புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்தால் அந்த அணி வீரர்களுக்கு மட்டும் தனியாக 15 நாள் கிடைக்கும். அந்த நாட்களில் வரவுக்கு மட்டும் மகிழாமல் செலவையும் எழுதிவையுங்கள்.

ஆண்டுவாரியாக எதிர்பார்ப்பு

முதல் ஆண்டில் வெற்றி எண்ணிக்கையைவிடத் தோற்ற விதத்தைக் கவனியுங்கள். நிக் சேபன் அலபாமாவில் முதல் ஆண்டு 7–6. சொந்த மைதானத்தில் லூசியானா-மன்ரோவிடம் தோற்றார். அடுத்து வந்த பட்டியலில் ஜூலியோ ஜோன்சும் மார்க் இங்க்ரமும் இருந்தார்கள். 2009-ல் அணி 14–0. மறுபக்கம், எங்கள் ஃப்ராஸ்ட் 2021-ல் 3–9 என்று முடித்தபோது ஒன்பது தோல்வியுமே ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசம். முதல் ஆண்டென்றால் அதை நம்பிக்கையாகப் பார்க்கலாம். அது நாலாம் ஆண்டு. நெருக்கத்தில் தோற்பது பழக்கமாகிவிட்டால் அது துரதிர்ஷ்டமில்லை. ஃப்ராஸ்ட் இந்த மண்ணின் மகன், 1997 சாம்பியன் அணியின் க்வார்ட்டர்பேக். அவர் 16–31 என்று போனபோது அழுதவர்களை நான் அறிவேன்.

இரண்டாம் ஆண்டில் ஆறு வெற்றி, அதாவது சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி. ரூல் 2023-ல் 5–7 ஆனார். கடைசி நாலு ஆட்டமும் தோல்வி, ஒவ்வொன்றும் ஏழு புள்ளிக்குள். 2024 நவம்பரில் விஸ்கான்சினை 44–25 என்று வென்றபோது 2016-க்குப் பின் முதல் முறையாக பௌல் வந்தது. இது சரியான ஏற்றம்.

மூன்றாம் ஆண்டில் தேசியத் தரவரிசையில் (முதல் 25) உள்ள அணியை வெல்ல வேண்டும். ரூல் முன்பு நடத்திய டெம்பிள் பல்கலைக்கழக அணியில் 2–10, 6–6, 10–4 என்றும், பெய்லரில் 1–11, 7–6, 11–3 என்றும் ஏறியவர். அதனால் இங்கே எல்லோரும் 2025-ஐ நம்பிக் காத்திருந்தோம். கிடைத்தது 7–6. கடைசி மூன்று ஆட்டங்களில் பென் ஸ்டேட், அயோவா, யூட்டா மூன்றிடமும் பெரிய வித்தியாசத்தில் தோல்வி. 2016-ல் ஓரிகனை வென்றபின் தரவரிசை அணி எதையும் நெப்ராஸ்கா வெல்லவில்லை.

பொறுமை வேண்டும் என்பவர்கள் எங்கள் பழைய பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்னைக் காட்டுவார்கள். முதல் தேசியப் பட்டம் அவருக்கு 22-ஆம் சீசனில், 1994-ல்தான் கிடைத்தது. அந்த ஒப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். ஆஸ்பர்ன் பட்டமில்லாத ஆண்டுகளிலும் ஒன்பது ஆட்டத்துக்குக் குறையாமல் வென்றவர்.

உதவிப் பயிற்சியாளர்களையும் பாருங்கள், ஏனென்றால் பையன்களை வீட்டுக்குப் போய் அழைத்து வருகிறவர்கள் அவர்கள். ரூலின் கீழ் தடுப்பாட்டத்துக்கு டோனி ஒயிட், ஜான் பட்லர், இப்போது ராப் ஆரிச் என மூன்றாவது பொறுப்பாளர். ஒரே பையன் மூன்று விதமான ஆட்டமுறை கற்க வேண்டியிருக்கிறது.

2026 ரூலுக்கு நாலாம் ஆண்டு. 2025 அக்டோபரில் அவர் ஒப்பந்தம் 2032 வரை நீட்டப்பட்டது, அதனால் அவசரமாக யாரும் அவரை அனுப்பப் போவதில்லை. நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: தரவரிசை அணியிடம் ஒரு வெற்றி, நவம்பரில் தோல்வியைவிடக் கூடுதலாக வெற்றி, 2024-ல் சேர்ந்த லைன்மேன்களில் குறைந்தது இருவர் தொடக்க வரிசையில். மூன்றில் இரண்டு நடந்தால் டிசம்பரில் அவருக்காக வாதாடுவேன். ஒன்றும் நடக்கவில்லையென்றால், அந்த மாதம் வரும் பட்டியலில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் என் மனம் மாறாது.