ஸ்கேல் மாடல் கார், லாரி: 24-ஆல் வகுத்துக் கட்டும் முறை

நன்றாகக் கட்டிய மாடல் கார்கூடச் சில சமயம் பொம்மை போலத் தெரியும். நிறமும் சரி, பாகங்களும் சரி. ஆனால் எல்லாமே கொஞ்சம் தடிமன். 1/24 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ வண்டியின் 24 மில்லிமீட்டர். மாடலின் மேல் 0.1 மி.மீ. பெயிண்ட் ஏறினால், நிஜ வண்டிக்கு 2.4 மி.மீ. கனத்தில் பூசியதற்குச் சமம். கதவு இடுக்கு தூர்ந்துபோவதும், எழுத்துகள் மழுங்குவதும் இதனால்தான். எதைப் பூசினாலும், எதை ஒட்டினாலும் முதலில் நிஜ அளவை 24-ஆல் வகுத்துப் பாருங்கள்.

தமியா, ஹசெகாவா, அயோஷிமா போன்ற ஜப்பானிய கார் கிட்கள் (நாமே ஒட்டிக் கட்டும் பாகங்களின் பெட்டி) பெரும்பாலும் 1/24. ஏஎம்டி போன்ற அமெரிக்க கிட்கள் பெரும்பாலும் 1/25. இரண்டுக்கும் இடையே சக்கரம், சீட், எஞ்சின் ஆகியவற்றை மாற்றிப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. பாடியையும் சேசிஸையும் மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். 2.7 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 1/24-இல் 112.5 மி.மீ., 1/25-இல் 108 மி.மீ.; சக்கரம் வளைவின் நடுவில் உட்காராது.

பாடி

பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒட்ட வெட்டாதீர்கள். 2 மி.மீ. விட்டு நறுக்கி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் கிழிந்து வெள்ளையாகப் பள்ளம் விழும், பிறகு பட்டி வைக்க வேண்டியிருக்கும். அடுத்து பாடியை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவமும் பழைய டூத்பிரஷும் கொண்டு கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் பூச்சு) பிடிக்காமல் கண் கண்ணாக விலகும்.

அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு மட்கார்டு மேலும் கூரை ஓரத்திலும் மெல்லிதாக ஓடும். வெறும் பிளாஸ்டிக்கில் அது தெரியாது. பளபளப்பான பெயிண்ட் ஏறியதும் தெரியும். 600 கிரிட் (எண் கூடக் கூட நைஸ்) உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, 1000-இல் முடியுங்கள்.

இப்போதே கதவு, பானட், டிக்கி இடுக்குகளை ஆழப்படுத்த வேண்டும். கத்தியின் முதுகு முனையை இடுக்கில் வைத்து, அழுத்தாமல் ஐந்தாறு முறை இழுங்கள். முதல் இழுப்பிலேயே அழுத்தினால் முனை கோட்டை விட்டு வழுக்கிக் கதவின் குறுக்கே கீறிவிடும். வளைவான இடங்களில் கோட்டின் ஓரமாகத் தடிமனான டேப் ஒட்டிக்கொண்டால் அதுவே அளவுகோல் மாதிரி வழிகாட்டும்.

பெயிண்ட்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஸ்ப்ரே டப்பாவை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்தால் துளி சிறிதாக விழும். நெருப்பில் காட்டவே கூடாது, டப்பா வெடிக்கும். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடித்து, பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பாடியைக் கடந்த பின் விரலை எடுங்கள். முதல் இரண்டு பூச்சும் தூவல்தான். அடியில் உள்ள பிரைமர் தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளிக்குப் பின் மூன்றாவதைக் கொஞ்சம் ஈரமாக அடியுங்கள். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் சிறு கருவி) என்றால் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், பாலின் பதத்துக்குக் கலந்த பெயிண்ட்.

ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமாக வந்தால், தூரத்தில் பிடித்ததால் துளி பாதி காய்ந்து விழுந்திருக்கிறது. வழிந்தால் கை மிக அருகில் இருந்திருக்கிறது, அல்லது ஓரிடத்தில் நின்றிருக்கிறது. லாக்கர் (சீக்கிரம் காயும் பெயிண்ட் வகை) காயும்போது வெள்ளையாக மங்கினால் காற்றின் ஈரப்பதம் காரணம். மழை நாளில் லாக்கர் அடிக்காதீர்கள். எனாமலுக்கு (மெதுவாகக் காயும் வகை) மேல் லாக்கர் போட்டால் அடிப்பூச்சு சுருங்கிச் சுருண்டுவிடும். லாக்கருக்கு மேல் எனாமல் போடலாம், ஒன்றும் ஆகாது. சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடித்தால் சில நாளில் இளஞ்சிவப்பு கசியும். இடையில் ஒரு சில்வர் பூச்சு அதைத் தடுக்கும்.

டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டியபின் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடிப்பதானால், கிளியரின் முதல் இரண்டு பூச்சும் தூசு படிவதுபோல மெல்லியதாக இருக்கட்டும். ஈரமான லாக்கர் நேரடியாக விழுந்தால் டெக்கால் கரைந்து நெளியும். கிளியர் காய்ந்ததா என்று அறிய முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. லாக்கருக்கு ஒரு வாரம், எனாமலுக்கு அதைவிடக் கூடுதலாக விடுவது நல்லது. பிறகு 2000, 3000 கிரிட்டில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். ஓரங்களையும் மடிப்புகளையும் டேப்பால் மூடிவிடுங்கள், அங்கேதான் பூச்சு மெல்லியது. இரண்டு தேய்ப்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

ஸ்ப்ரே அடிக்கும்போது ஆவி வடிகட்டும் முகமூடி அவசியம். துணி முகமூடி போதாது. இரண்டு பாகம் கலக்கும் யூரித்தேன் கிளியரில் ஐசோசயனேட் உண்டு, அது நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. சரியான காற்றுப்போக்கும் பாதுகாப்புக் கவசமும் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

குரோம் எழுத்துகள்

பின்பக்கத்தில் எழும்பி நிற்கும் வண்டிப் பெயரைப் பிரஷால் வரைந்தால் எழுத்து பருத்துவிடும். பிரைமர் காய்ந்ததும் எழுத்தின் மேல் பேர் மெட்டல் ஃபாயில் (பின்னால் பசையுள்ள மிக மெல்லிய உலோகத் தாள்) துண்டு ஒன்றை ஒட்டிப் பஞ்சுக்குச்சியால் அமுக்குங்கள். எழுத்தின் வடிவம் தெளிவாகத் தெரியும்வரை அமுக்கி, ஓரத்தைப் புதுப் பிளேடால் நெருக்கமாக வெட்டிவிடுங்கள். அதன் மேலேயே நிறம் அடியுங்கள். நிறம் காய்ந்தபின், கிளியருக்கு முன், தட்டையான குச்சியில் இறுக்கிச் சுற்றிய துணியைத் தின்னரில் தொட்டு, பேப்பரில் ஒற்றி, எழுத்தின் தலையை மட்டும் லேசாகத் தடவுங்கள். மேலே உள்ள பெயிண்ட் போய், அடியில் இருக்கும் ஃபாயில் எழுத்தெழுத்தாக மின்னும். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் தின்னர் பள்ளத்துக்குள் இறங்கி வேலையைக் கெடுத்துவிடும்.

கதவு இடுக்குகளில் பேனல் லைன் திரவம் (இடுக்கைக் கோடாக எடுத்துக் காட்டும் நீர்த்த பெயிண்ட்) விடும்போது வெள்ளைக் காருக்குச் சாம்பல், சிவப்புக்கு அடர் பழுப்பு. கறுப்பு விட்டால் படம் வரைந்தது போல இருக்கும்.

எஞ்சினும் உட்புறமும்

ஸ்பார்க் பிளக் வயர் நிஜத்தில் 8 மி.மீ.; 24-ஆல் வகுத்தால் 0.33. ஆகவே 0.35 அல்லது 0.4 மி.மீ. வயர் போதும். வி8 எஞ்சினுக்கு எட்டு பிளக் வயர், காயிலிலிருந்து ஒன்று, மொத்தம் 9. இந்த வயர்கள் எல்லாம் வந்து சேரும் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் நடுத்துளையை முதலில் போட்டு, சுற்றி எட்டுத் துளை போடுங்கள். செவ்ரலே ஸ்மால் பிளாக் என்றால் தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. அந்த வரிசையில் இணைத்தால் வயர்கள் தாமாகவே நிஜ எஞ்சினில் ஓடுவது போல ஓடும்.

சீட் பெல்ட் 2 மி.மீ. அகலம், கறுப்பு அடித்த மாஸ்கிங் டேப் போதும். கண்ணாடிகளுக்கு சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி வெள்ளையாகப் படியும். வினைல் டயரின் ரசாயனம் பிளாஸ்டிக் வீலை நாளடைவில் இளக்கும் என்பதால், வீலின் உள்விளிம்பில் பெயிண்ட் முழுமையாக இருக்கட்டும். டயர் மிதிக்கும் பரப்பை 200 கிரிட்டில் உருட்டித் தேய்த்தால் பளபளப்பும் அச்சுக்கோடும் ஒருசேரப் போய்விடும்.

லாரிக்கு மட்டும்

லாரியின் உயிர் ஃபிரேமில் இருக்கிறது. நீளமான இரண்டு சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒட்டி, மேலே பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள். ஒரு மில்லிமீட்டர் முறுக்கு இருந்தாலும் ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். சக்கர அச்சுகளை (ஆக்சில்) ஒட்டிய பசை இறுகும் முன் சக்கரங்களை மாட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் காகிதத் துண்டு வைத்து இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்தச் சக்கரம் தூக்கி இருக்கிறது.

டிராக்டருக்கும் (இழுக்கும் முன்வண்டி) டிரெய்லருக்கும் இடையிலான காற்றுக் குழாய்க்கு 0.5 மி.மீ. வயரை 2 மி.மீ. டிரில் பிட்டின் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, கழற்றி, லேசாக இழுத்து விடுங்கள். அமெரிக்க லாரிக்குச் சிவப்பும் நீலமும், ஐரோப்பிய லாரிக்குச் சிவப்பும் மஞ்சளும்.

பக்கக் கண்ணாடிகள், வைப்பர், ஏரியல் மூன்றும் எல்லாம் முடிந்தபின்தான். அவற்றை வெள்ளை பிவிஏ பசையால் ஒட்டுங்கள். கை பட்டால் ஒடியாமல் கழன்று வரும், பெயிண்டும் பெயராது.