வீழ்ந்த முடியாட்சியின் பற்றாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: ஹவாயின் ஜோசப் நாவஹி

ஹவாய்த் தீவுகளின் முடியாட்சி 1893 ஜனவரி 17 அன்று கவிழ்க்கப்பட்டது. அதற்குப் பின்னும் அரசி லிலியுவொகலனியின் பக்கம் நின்ற அரசியல்வாதிகள் பலர் உண்டு. அவர்களுள் ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுத விரும்புபவர் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், நான் ஜோசப் நாவஹியையே சொல்வேன். பள்ளி ஆசிரியர், தானே படித்துத் தேர்ந்த வழக்கறிஞர், தானே பயின்ற ஓவியர், 1872 முதல் 1892 வரை பலமுறை சட்டமன்ற உறுப்பினர், பத்திரிகை நிறுவனர், சிறைக்கைதி என்று 54 ஆண்டுகளுக்குள் பல வேடங்களை ஏற்றவர் அவர். ஆயினும் நான் அவரைச் சுட்டுவதற்குக் காரணம் இந்தப் பட்டியல் அன்று. முடியாட்சிக்காகச் சிறை சென்ற இந்த மனிதர், அரசியலில் நுழைந்த காலத்தில் அரசரை எதிர்த்தவர். அந்த முரணை விளங்க வைக்க முடிந்தால் உங்கள் கட்டுரை பிழைத்தது. முடியாவிட்டால் அது வெறும் ஆண்டுக் குறிப்பாகவே நின்றுவிடும்.

எழுத உட்காருமுன் செய்ய வேண்டிய வேலை சொற்களைச் சோதிப்பது. இந்த வேலையைத் தள்ளிப்போட்டு நானே ஒருமுறை இடறியிருக்கிறேன். என் முதல் வரைவில் நாவஹியை ‘ராஜவிசுவாசி’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பெரியவர், “துரைமாருக்குச் சலாம் போட்டுப் பட்டம் வாங்கின ஆளா இவர்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. தமிழில் ராஜவிசுவாசம் என்ற சொல் வெள்ளையர் ஆட்சிக்கு வாலாட்டியவர்களின் ராவ் பகதூர் வாசனையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. நாவஹியின் நிலையோ நேர் எதிரானது: சொந்த நாட்டின் அரசைக் கவிழ்த்தவர்கள் அமெரிக்க வம்சாவளிச் சர்க்கரை முதலாளிகளும் அவர்களைச் சார்ந்த வணிகர்களும் வழக்கறிஞர்களும், அவர் நின்றது அவர்களுக்கு எதிர்ப்புறத்தில். ஆகவே ‘அரசியின் பக்கம் நின்றவர்’ என்றோ ‘முடியாட்சிப் பற்றாளர்’ என்றோ எழுதுங்கள்.

‘குடியரசு’ என்ற சொல் இதைவிடப் பெரிய பொறி. அதைக் கேட்டதும் நம் மனம் மக்களாட்சியின் பக்கம் சாய்ந்துவிடும். 1894 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹவாய்க் குடியரசு அப்படிப்பட்டதன்று. அதன் குடியரசுத் தலைவரான சான்ஃபோர்ட் டோலின் பெயர் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மக்கள் வாக்களித்து அவர் வரவில்லை. புதிய அரசுக்கு உறுதிமொழி அளிக்காதவருக்கு வாக்குரிமை இல்லை என்பதால், பூர்வகுடி ஹவாய் மக்களில் பெரும்பாலோர் தேர்தலுக்கு வெளியே நின்றனர். இந்த விவரத்தைக் கட்டுரையின் கடைசியில் அடிக்குறிப்பாக ஒதுக்காமல், அச்சொல் முதன்முதலில் வரும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையெனில் வாசகர் கட்டுரை முழுவதையும் தலைகீழாகப் படித்துக்கொண்டு போவார். ‘புரட்சி’ என்ற சொல்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமெரிக்கப் போர்க்கப்பலான பாஸ்டனிலிருந்து 162 வீரர்கள் ஹொனலூலுவில் இறங்கிய மறுநாள் நடந்ததற்கு ‘ஆட்சிக்கவிழ்ப்பு’ என்பதே நேர்மையான பெயர்.

அடுத்த வேலை, வாழ்க்கையை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்வது. பிறந்த ஊரிலிருந்து தொடங்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 1874 பிப்ரவரியில் தொடங்குங்கள். வாரிசு இல்லாமல் அரசர் லுனலிலோ இறந்தார். புதிய அரசரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. போட்டி டேவிட் கலாக்கௌவாவுக்கும், நான்காம் கமெஹமெஹாவின் விதவையான அரசி எம்மாவுக்கும் இடையே. 39க்கு 6 என்ற வாக்குக் கணக்கில் கலாக்கௌவா வென்றார். எம்மாவின் ஆதரவாளர்கள் நீதிமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து கலகம் செய்ய, அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களின் வீரர்கள் கரையிறங்கி அதை அடக்கினர். நாவஹி எம்மாவின் பக்கத்தைச் சேர்ந்தவர். அதாவது, பின்னாளில் அரியணையிலிருந்து இறக்கப்பட்ட லிலியுவொகலனியின் சொந்த அண்ணன் அரசராவதை விரும்பாதவர்.

அங்கிருந்து அமெரிக்காவுடன் செய்துகொண்ட வரிச்சலுகை ஒப்பந்தத்துக்கு வாருங்கள். ஹவாய்ச் சர்க்கரை வரியின்றி அமெரிக்காவுக்குள் நுழைய வழிசெய்த அந்த ஒப்பந்தம் 1876இல் நடைமுறைக்கு வந்தது. கலாக்கௌவா தம் பெருஞ்சாதனையாக அதைக் கருதினார். நாவஹியோ அதை நாட்டைப் பறிக்கும் ஒப்பந்தம் என்றும், ஹவாய் அரியணையின் உரிமைகளை அது பறித்துவிடும் என்றும் கண்டித்தார். இந்த இடத்தில் சற்று நின்று எழுதுங்கள். அரியணையில் அமர்ந்திருந்தவரை எதிர்த்தபடியே அரியணையின் உரிமைக்காக வாதாடுகிறார் ஒருவர். ஆளை வேறாகவும் அரசை வேறாகவும் பார்த்த அந்தப் பார்வைதான் அவருடைய பற்றின் அடித்தளம். 1893இல் அவர் எடுத்த நிலை இதிலிருந்து நேர்கோட்டில் வருகிறது. ஒப்பந்தத்தை நீட்டித்த 1887ஆம் ஆண்டில், முத்துத் துறைமுகத்தை (பேர்ல் ஹார்பர்) பயன்படுத்தும் தனியுரிமை அமெரிக்காவுக்குப் போனது. அவருடைய அச்சம் எப்படிப் பலித்தது என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. ஆண்டை மட்டும் எழுதினால் போதும்.

பிறப்பும் வளர்ப்பும் இதற்குப் பிறகு சுருக்கமாக வரலாம். அவர் 1842 ஜனவரி 13 அன்று, ஹவாய்ப் பெருந்தீவின் பூனா மாவட்டத்திலுள்ள கைமூ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அந்த ஊரின் கருமணல் கரையைப் பார்க்க யாரும் இன்று போக முடியாது: 1990இல் கிலவெயா எரிமலையின் குழம்பு ஊரையும் கரையையும் மூடிவிட்டது. குழந்தைப் பருவத்தில் உறவினர் ஒருவர் அவரை எடுத்து வளர்த்தார். ஹவாய் மொழியில் இதை ‘ஹானை’ என்பர். ‘தத்து’ என்று மொழிபெயர்த்தால் பெற்றோருடன் உறவு முறிந்துவிட்டதாகத் தோன்றும். ‘வளர்ப்புப் பிள்ளை’ என்பதே நெருக்கமானது. ஹீலோ உறைவிடப் பள்ளி, லஹைனாலுனா ஆகிய கல்விக்கூடங்களை ஒரு வரியில் கடந்து, ஓவியத்துக்கு இன்னும் ஒரு வரி கொடுங்கள். 1888இல் அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஹீலோ விரிகுடாக் காட்சி இன்றும் இருக்கிறது. முடிந்தால் அதன் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எந்த மண்ணை அவர் இழக்க மறுத்தார் என்பது அதில் தெரியும்.

பெயர்களைத் தமிழில் எழுதுவதைப் பற்றி ஒரு செய்தி. ஹவாய் மொழியில் ஐந்து உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் உட்பட அந்தப் பத்தும் நம் நெடுங்கணக்கில் அப்படியே இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் மேற்கோடு போட்டுக் காட்ட வேண்டியதை நாம் எழுத்தாலேயே காட்டிவிடலாம். ஆங்கிலம் வழியாக வந்த பழக்கத்தில் நெடிலைக் குறிலாக்கிவிடாதீர்கள். வல்லினத்தில் மட்டும் நமக்குச் சிக்கல்: இடையில் வரும் ஒற்றைக் ககரத்தை நாம் மென்மையாக ஒலித்துவிடுவோம் என்பதால், கலாக்கௌவா என்று இரட்டித்து எழுதுவதை நான் விரும்புகிறேன். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் கட்டுரை முடியும்வரை அதையே கடைப்பிடியுங்கள்.

சான்றுகளுக்கு வருவோம். அக்கால ஹொனலூலுவின் செய்தித்தாள்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்திருந்தன. ஆங்கில நாளேடுகளில் வலுவானவை கவிழ்ப்பின் பக்கம் நின்றன. ஹவாய் மொழி இதழ்களில் பெரும்பாலானவை அரசியின் பக்கம் நின்றன. ஆங்கிலம் மட்டுமே படித்து எழுதினால், நாவஹி ஒரு சச்சரவுக்காரராகவே தென்படுவார். பழைய ஹவாய் இதழ்கள் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நெடில் குறியோ, தொண்டையைச் சற்று அடைத்து ஒலிப்பதைக் காட்டும் குறியோ இல்லாமல் அச்சிட்டிருப்பதால், தேடும்போதும் அக்குறிகளை விட்டுவிட்டுத் தேட வேண்டும். 1908இல் ஜான் ஷெல்டன் ஹவாய் மொழியில் எழுதிய நாவஹியின் வாழ்க்கை வரலாறு விவரம் நிறைந்தது. ஆனால் அது ஒரு தலைவரை இழந்தவர்களின் குரலில் எழுதப்பட்டது. புகழ்மொழியைக் கழித்துவிட்டு விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கடமான பகுதிகளை மறைக்காமல் எழுதுங்கள். 1892 நவம்பரில் அவர் சில நாட்களே வெளியுறவு அமைச்சராக இருந்தார். அந்த ஆண்டில் அமைச்சரவைகள் அடுத்தடுத்து வீழ்ந்தன, அவருடையதும் அவற்றுள் ஒன்று. துப்பாக்கி முனையில் கலாக்கௌவா கையெழுத்திட நேர்ந்த 1887ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, அரசி கொண்டுவர எண்ணிய புதிய அரசியல் சட்டத்தை வரைந்தவர்களுள் அவரும் ஒருவர். அம்முயற்சியைத்தான் கவிழ்த்தவர்கள் சாக்காகப் பயன்படுத்தினர். பழைய சட்டம் சொத்தோ வருமானமோ உள்ளவர்களுக்கே மேலவைத் தேர்தலில் வாக்குரிமை தந்தது. ஆசியக் குடியேறிகளின் வாக்குரிமையை அறவே பறித்தது. இந்தப் பின்னணியைச் சொல்லாமல், அரசி தம் அதிகாரத்தைப் பெருக்கப் பார்த்தார் என்று மட்டும் எழுதுவது எதிர்த்தரப்பின் வழக்குரையைப் படியெடுப்பதாகும்.

கவிழ்ப்புக்குப் பின்னான மூன்றரை ஆண்டுகளுக்குத்தான் உங்கள் கட்டுரையில் அதிக இடம் வேண்டும். 1893 மார்ச்சில் தோன்றிய ‘ஹுயி அலோஹா ஆயினா’ என்ற சங்கத்துக்கு அவர் தலைவரானார். இப்பெயரைத் ‘தேசபக்திச் சங்கம்’ என்று பெயர்த்துவிட்டு நகர வேண்டாம். ‘ஆயினா’ என்றால் நிலம். அச்சொல்லின் வேர் ‘உண்’ என்பது. ஊட்டி வளர்ப்பது எதுவோ அதுவே நிலம். ‘மண்பற்று’ என்று எழுதி, சோறு போடும் மண் என்ற பொருளையும் சேர்த்தால் தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும்.

ஒரு காட்சியையாவது அருகில் சென்று காட்டுங்கள். நான் தேர்வது 1894 ஜூலை 2. குடியரசு அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஹொனலூலுவில் கூடிய பெருங்கூட்டத்தில் நாவஹி பேசினார். அரசு என்னும் வீடு கமெஹமெஹா வம்ச அரசர்கள் கட்டிய வீடு, முன்னோர் காலம் முதல் அது நம்முடையது. அத்துமீறி நுழைந்தவர்கள் நம்மை வெளியேற்றிவிட்டு, தாங்கள் கட்ட நினைக்கும் பூமாலைக் கடைப் பந்தலில் போய் இருக்கச் சொல்கிறார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கோயில் வாசலில் பூக்கடைப் பந்தலைப் பார்த்து வளர்ந்த நமக்கு, நான்கு கழியும் ஒரு கீற்றும் கொண்ட அந்தக் குடியரசின் உருவம் உரை எதுவும் இல்லாமலே விளங்கும்.

1894 டிசம்பரில் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் அவரைக் கைது செய்தனர். இங்கும் சொல்லைக் கவனியுங்கள்: அரசியை இறக்கியவர்கள், அரசியின் பக்கம் நின்றவர்மீது சுமத்திய குற்றத்துக்கு ‘ராஜ’ என்ற முன்னொட்டு பொருந்துமா? ‘அரசுத் துரோகம்’ என்பது மேல். 1895 ஜனவரியில் ராபர்ட் வில்காக்ஸ் தலைமையில் அரசிக்காக ஆயுதக் கிளர்ச்சி நடந்தபோது நாவஹி ஏற்கெனவே சிறையில் இருந்தார். இருவரையும் ஒரே வழக்கில் சேர்த்து எழுதும் பிழை எளிதில் நேரும். ஏறத்தாழ மூன்று மாதச் சிறைக்குப் பின் பிணையில் வந்த அவர், மே மாதத்தில் விடுதலை செய்யப்பட்டார். அதே மாதத்தில் மனைவி எம்மாவுடன் சேர்ந்து ‘கே அலோஹா ஆயினா’ என்ற இதழைத் தொடங்கினார். சிறையில் பற்றிய காசநோய் அவரை விடவில்லை. சிகிச்சை நாடிச் சென்ற சான் பிரான்சிஸ்கோவில் 1896 செப்டம்பர் 14 அன்று இறந்தார். உடல் கப்பலில் திரும்பி வந்து ஹீலோவில் அடக்கம் செய்யப்பட்டது.

கட்டுரையை இந்த அடக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவருக்குப் பின் ஜேம்ஸ் கௌலியா சங்கத்தின் தலைவரானார். 1897இல் அமெரிக்காவுடன் இணைப்பதை எதிர்த்துத் தீவுகள் முழுவதும் கையெழுத்து திரட்டினர். சீனத் தந்தைக்கும் ஹவாய்த் தாய்க்கும் பிறந்த எம்மா நாவஹி, ஹீலோவில் அப்பணியை முன்நின்று நடத்தினார். 556 பக்கங்களில் 21,269 கையெழுத்துகள். அப்போது கலப்பினத்தாரையும் சேர்த்து ஹவாய் மக்கள் தொகையே நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தாள்களின் படங்களைப் பாருங்கள்: ஆண்களுக்குத் தனித்தாள், பெண்களுக்குத் தனித்தாள், பெயருக்கு எதிரே வயது. இன்னொரு சங்கம் முடியாட்சியை மீட்கக் கோரித் தனியே 17,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைச் சேர்த்தது. இரண்டு எண்களையும் கூட்டி ஒரே தொகையாக எழுதக் கூடாது, ஏனெனில் ஒருவரே இரண்டிலும் ஒப்பமிட்டிருக்கலாம். இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் தேவையான வாக்குகளைப் பெறவில்லை; ஆயினும் 1898 ஜூலையில் சாதாரணப் பெரும்பான்மை போதுமான ஒரு கூட்டுத் தீர்மானத்தின் மூலம் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது.

இன்னும் ஒரு பத்திக்கு இடமிருந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுங்கள். நாவஹி இறந்த அதே 1896இல், பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று ஹவாய்க் குடியரசு சட்டம் இயற்றியது. பெருந்தீவில் கேயஆவு என்ற ஊரில், நாவஹியொகலனிஓபுஉ என்ற அவருடைய முழுக் குடும்பப் பெயரையும் தாங்கிய பள்ளி ஒன்று இன்று நடக்கிறது. அங்கே பிள்ளைகள் பாடம் படிப்பது ஹவாய் மொழியில்.