கரஸ்ஸில் சேரும் முன் எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

"இனிமே காலேஜ் எதுக்கு, எல்லாம் ஆன்லைன்தான்" என்று ஒரு கூட்டம் அடித்துச் சொல்கிறது. கரஸ்ஸில், அதாவது அஞ்சல்வழித் தொலைநிலைக் கல்வியில் படித்தேன் என்றால் இன்றைக்கும் உதட்டைச் சுழிக்கிற கூட்டமும் இருக்கிறது. இந்த இரண்டு கூட்டத்தில் ஒன்றின் பேச்சைக் கேட்டு முடிவெடுப்பதில்தான் முதல் சறுக்கல்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ தரும் பட்டம், ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்தது. நம் ஆட்கள் 'சமம்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு 'அங்கீகாரம் பெற்ற' என்பதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகம், அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது என்பதெல்லாம் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு சேர்க்கைக்கு என்று பார்த்துத்தான் அனுமதி தருகிறார்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பட்டியலே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காததால் என் சித்தப்பா மகன் இழந்தது இரண்டு வருடம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் ஒரு 'ஸ்டடி சென்டர்'. பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, சென்டர் பெயரில் துண்டு ரசீது கொடுத்தார்கள், பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. கடைசியில் ஹால் டிக்கெட் வரவில்லையே என்று கேட்கப் போனபோது பிளெக்ஸ் போர்டு மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஏமாந்தான் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த ரசீதை வீட்டில் நாங்கள் எல்லோருமே பார்த்தோம், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம், எல்லாப் படிப்பையும் கரஸ்ஸில் படித்துவிட முடியாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் என்று யுஜிசி தடை செய்த பட்டியல் நீளம். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களில், 2005க்குப் பிறகு சேர்ந்தவர்களுடையதை 2017ல் உச்ச நீதிமன்றம் ரத்தே செய்துவிட்டது.

அரசு வேலைக்குக் குறி வைப்பவர்கள் வரிசையையும் பார்க்க வேண்டும். பத்தாவது, பிளஸ் டூ, அதற்கப்புறம் டிகிரி. நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்துத் திறந்தநிலைப் பல்கலையில் நேராகப் பட்டம் வாங்கினால், தமிழ்நாடு அரசு வேலைக்கு அது உதவாது. தேர்வெல்லாம் எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் இந்த வகையும் உண்டு.

சரி, எது நல்லது என்று கேட்டால், பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் வசதி இருந்தால் ரெகுலர்தான் என்பேன். லேப், லைப்ரரி, கேன்டீன் அரட்டை எதுவும் பார்சலில் வராது. வேலைக்குப் போகிற, குழந்தை வைத்திருக்கிற ஆளுக்குக் கரஸ்ஸே போதும். இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரும் கரைந்துகொண்டுதான் வருகிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்க ரெகுலர் கல்லூரிகளே அனுமதிக்கலாம், 2022 முதல் ஒரு ரெகுலர் டிகிரியோடு ஒரு தொலைநிலை டிகிரியும் சேர்ந்தே படிக்கலாம்.

படிக்கலாம், ஆனால் படிக்க வேண்டுமே! எங்கள் வீட்டுப் பரணில், என் முதுகலைப் புத்தகப் பார்சல் ஒன்று பழுப்புத்தாள் கூடப் பிரிக்காமல் ஒரு வருடம் கிடந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலையான இக்னோவில் அசைன்மென்டுக்குப் பல படிப்புகளில் 30 சதவீத மதிப்பெண். அதைக் கடைசி ராத்திரியில் பக்கத்து ஆளைப் பார்த்து விடிய விடிய எழுதுகிறவர்கள்தான் பரீட்சைக் கூடத்தில் முழிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் நடத்தும் கான்டாக்ட் கிளாஸுக்கும் யாரும் வருவதில்லை. நான் ஒருமுறை போனபோது மொத்தம் ஒன்பது பேர். ஒரு வருடமாகப் புரியாமல் வைத்திருந்த பாடத்தை அந்தப் பேராசிரியர் என் பெஞ்சிலேயே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.